விசாரணைக்கு என்று கூட்டிப்போனால்: முதல் 24 மணி நேரத்தில் குடும்பம் செய்ய வேண்டியவை

"ஒண்ணுமில்லம்மா, சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்."

என் கைக்கு வரும் வழக்குகளில் பாதிக்குமேல் இந்தப் பேச்சில்தான் தொடங்கியிருக்கும். சொல்பவர் மரியாதையாகத்தான் சொல்வார். பையன் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் பைக்கில் பின்னால் ஏறிப் போவான். ராத்திரி பத்து மணியாகியும் வரமாட்டான். போன் சுவிட்ச் ஆஃப். ஸ்டேஷனில் போய்க் கேட்டால் "அப்படி யாரும் இங்க வரலையே" என்பார்கள். மறுநாள் சாயங்காலம், ரிமாண்டுக்கு, அதாவது மாஜிஸ்திரேட் முன் நிறுத்திக் காவலில் வைக்க உத்தரவு வாங்க, கொண்டுவந்திருக்கிறார்கள் என்று யாரோ கோர்ட்டிலிருந்து சொல்லித் தெரியவரும். ரிமாண்ட் அறிக்கையை வாங்கிப் பார்த்தால், இன்று காலை 6 மணிக்குப் பேருந்து நிலையம் அருகே சந்தேகத்துக்கு இடமான வகையில் நின்றிருந்தபோது பிடித்தோம் என்று எழுதியிருக்கும்.

நேற்று மாலைக்கும் இன்று காலைக்கும் நடுவில் இருந்த மணிநேரங்கள் எந்தக் காகிதத்திலும் இருக்காது. அடி விழுவதும், வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குவதும், மற்ற ஸ்டேஷன்களில் துப்புக் கிடைக்காத திருட்டுகளை ஒருவன் தலையில் கட்டுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன. அந்த மணிநேரங்களைக் காகிதத்துக்குக் கொண்டுவருவதுதான் குடும்பத்தின் வேலை. அதை எப்படிச் செய்வது என்று, போலீஸ் ஸ்டேஷன் படியே ஏறாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தமிழ்நாட்டில் குற்றவியல் வழக்கு நடத்தும் வக்கீல். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. போய், அந்த இடத்தில் பி.என்.எஸ்.எஸ். நடப்பில் இருப்பதால், பிரிவு எண்களைப் புதிய சட்டத்தின்படி சொல்கிறேன்.

1. போலீஸ் வாசலில் நிற்கும்போது

முதலில் ஒரே ஒரு கேள்வி: "சார், இது கைதா, விசாரணையா?" இதைக் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. குரலை உயர்த்தாமல் கேளுங்கள்.

விசாரணை என்றால் எழுத்துப்பூர்வமான நோட்டீஸ் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு 35(3) நோட்டீஸ், சாட்சிக்கு 179 நோட்டீஸ். "ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க" என்று போனில் சொல்வது நோட்டீஸ் ஆகாது. 35 நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாட்சியாகக் கூப்பிடும்போது பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. போலீஸ்தான் வீட்டுக்கு வந்து விசாரிக்க வேண்டும்.

நோட்டீஸ் வந்துவிட்டால் ஒதுக்கி வைக்காதீர்கள். அதை மதித்து ஆஜராகிறவரைக் கைது செய்ய வேண்டுமானால் அதிகாரி காரணம் எழுதியாக வேண்டும். ஆஜராகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். வக்கீலோடு போங்கள், போன தேதிக்கு ஓர் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கைது என்றால் வந்திருப்பவர் தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். மஃப்டியில் வந்தாலும் இது பொருந்தும். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்ததுமே கைது செய்யக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. ஏன் கைது அவசியம் என்று அதிகாரி எழுதிக் காட்ட வேண்டும். சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்வதற்கு விதிவிலக்கான சூழ்நிலை, பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி மூன்றும் தேவை. இதை மீறியதாலேயே கைது செல்லாமல் போய்விடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் ஏன் மீறினார் என்று அந்த அதிகாரி விளக்கியாக வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் லாக்கப்பில் வைக்கவே கூடாது. பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ உடனே எடுத்துக்கொண்டு ஓடுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள்.

வீட்டைச் சோதனை போட்டால் வீடியோ எடுக்க வேண்டும் என்று 105-ஆவது பிரிவு சொல்கிறது. "வீடியோ எடுங்க சார்" என்று நீங்களே கேளுங்கள். எதை எடுத்துப் போனாலும் பட்டியலுக்கு நகல் கேளுங்கள்.

ஒன்றே ஒன்று கூடாது: கையைப் பிடித்து இழுப்பது, வண்டியை மறிப்பது. அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக இன்னொரு வழக்கு வரும். அண்ணனைக் காப்பாற்றப் போய் தம்பியும் சேர்ந்து உள்ளே போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

2. வண்டி தெருமுனை தாண்டிய உடனே

எனக்கு மறக்க முடியாத ஒரு அம்மா உண்டு. இட்லிக் கடை வைத்திருப்பவர். மகனைக் கூட்டிப்போன அடுத்த நிமிடம் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்தார். அதன் பின்பக்கம் பென்சிலால் எழுதினார்: "7.40. 3 பேர். ஒருத்தர் காக்கி, 2 பேர் கலர் டிரஸ். வெள்ளை பொலிரோ." அடுத்து வண்டி எண். கடைசியில் "நீல சட்டை, கைலி, செருப்பு இல்லை". பக்கத்துக் கடைக்காரரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிவைத்தார். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை.

மறுநாள் வந்த கைது மெமோவில் (கைது செய்த நேரத்தையும் இடத்தையும் போலீஸ் எழுதும் தாள்) காலை 5.30, பேருந்து நிலையம் என்று இருந்தது. செருப்புகூடப் போடாமல் கைலியோடு பேருந்து நிலையத்தில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று நான் கேட்டேன். அந்தக் கேள்விக்கு விசாரணை அதிகாரியிடம் பதில் இல்லை. அந்தக் காலண்டர் தாள் இன்னும் அந்த வழக்குக் காகிதக் கட்டுக்குள் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது.

ஆகவே முதல் வேலை எழுதுவது. நேரம், எத்தனை பேர், சீருடையா மஃப்டியா, வண்டி எண், என்ன உடை, உடம்பில் அப்போது காயம் இருந்ததா இல்லையா. பையனின் அன்றைய போட்டோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். தெருவில் யார் வீட்டில், எந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று பார்த்து, அன்றைய பதிவை அன்றே வாங்குங்கள். கடைக் கேமராக்களில் பழைய பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும்.

இரண்டாவது வேலை, அந்த எழுத்தை உங்கள் வீட்டைத் தாண்டி ஓர் அதிகாரியிடம் சேர்ப்பது. முன்பெல்லாம் சீனியர் வக்கீல்கள் குடும்பத்திடம் சொல்லும் முதல் வார்த்தை "தந்தி கொடு" என்பதுதான். எஸ்.பி.க்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று, மாஜிஸ்திரேட்டுக்கு ஒன்று. தந்தியில் அஞ்சலகம் போட்ட நேரம் இருக்கும். பின்னால் போலீஸ் என்ன நேரம் எழுதினாலும் அந்த நேரத்தை அழிக்க முடியாது. 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றுபோனது. இப்போது அந்த இடத்தில் மின்னஞ்சல் இருக்கிறது. மாவட்ட எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கும், மனித உரிமை ஆணையத்துக்கும் நாலு வரி அனுப்புங்கள்: இன்னாரை, இந்த நேரத்தில், இந்த இடத்திலிருந்து, இந்த ஸ்டேஷன் போலீசார் என்று சொல்லிக் கூட்டிச் சென்றார்கள், இதுவரை காரணம் சொல்லவில்லை. அவ்வளவு போதும். கோபத்தைக் கொட்ட வேண்டாம், நேரத்தை விடவே வேண்டாம். 112-க்குப் பேசினாலும் பேசிய நேரம் அங்கே பதிவாகும்.

3. ஸ்டேஷனில் போய் நிற்பது

தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேராவது போங்கள், முடிந்தால் வக்கீலோடு. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100-க்கு அழையுங்கள். அது இலவச சட்ட உதவி எண். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டு சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும்.

கேட்க வேண்டியவை: எந்த வழக்கு, எஃப்.ஐ.ஆர். எண் என்ன, எந்த ஸ்டேஷனில் வைத்திருக்கிறீர்கள், விசாரணை அதிகாரி யார். எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால், பாலியல் குற்றம் போன்ற சில வகைகள் தவிர மற்றவை 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் ஏற வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அங்கேயும் தேடுங்கள். "சி.எஸ்.ஆர். மட்டும்தான் போட்டிருக்கோம்" என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருங்கள். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்ததற்கான ரசீது. அதை வைத்து ஒருவரை ராத்திரி முழுக்க உட்கார வைக்கச் சட்டத்தில் இடம் கிடையாது.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளிக்கு என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். நகை காணவில்லை என்று ஒரு புகார். சிறப்புப் படை கூட்டிப்போய் அடித்தது ஸ்டேஷனுக்குள்கூட இல்லை. ஜூன் 28 அன்று அவர் இறந்தார். உடம்பில் 44 காயங்கள். மறைவிலிருந்து ஒருவர் எடுத்த கைபேசி வீடியோ இல்லையென்றால், அதையும் வலிப்பு என்றோ தப்பி ஓடும்போது விழுந்தார் என்றோ முடித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் "எந்த ஸ்டேஷன்" என்ற கேள்வியை விடாமல் கேளுங்கள் என்கிறேன். ஸ்டேஷனிலேயே இல்லாத ஆள்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார்.

இன்னொரு விஷயம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் கைதானவர்களின் பெயர் விவரத்தை வைத்திருக்க வேண்டும் என்று 37-ஆவது பிரிவு சொல்கிறது. ஸ்டேஷனில் மழுப்பினால் அங்கே கேளுங்கள்.

4. உள்ளே இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது

இதை முன்கூட்டியே வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள், உள்ளே போன பிறகு சொல்ல வாய்ப்புக் கிடைக்காது.

பெயர், முகவரி சொல்லலாம். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 20(3) தரும் உரிமை அது. "வக்கீல் வந்த பிறகு பேசுறேன் சார்" என்பது போதும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க 38-ஆவது பிரிவு உரிமை தருகிறது, முழு நேரமும் கூடவே இருக்க முடியாவிட்டாலும்.

போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. அப்படியிருந்தும் ஏன் அடித்து வாங்குகிறார்கள் என்று பலர் கேட்பார்கள். அந்த வாக்குமூலத்தைத் தொடர்ந்து ஒரு பொருளைக் கண்டுபிடித்தால், அந்தக் கண்டுபிடிப்போடு ஒட்டிய பகுதி மட்டும் செல்லும். கத்தி, நகை, பைக் என்று ஏதாவது ஒன்றை "இவன் காட்டிய இடத்தில் எடுத்தோம்" என்று எழுதுவதற்கு இதுதான் காரணம். எனவே எழுதாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. அடி தாங்காமல் போட்டுவிட்டாலும் பரவாயில்லை, அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். எத்தனை தாளில் போட்டோம், எத்தனை மணிக்கு என்று நினைவில் வைத்து மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிவிட வேண்டும்.

போனின் பாஸ்வேர்டைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை. வக்கீல் வரும்வரை சொல்ல வேண்டாம் என்பது என் ஆலோசனை.

5. கைது மெமோவும் காரணமும்

கைது மெமோவில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும், குடும்பத்தாரோ ஊர்க்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட 11 கட்டளைகளில் ஒன்று இது. இப்போது 36-ஆவது பிரிவாகச் சட்டத்திலேயே இருக்கிறது. உங்களைக் கையெழுத்துப் போடச் சொன்னால் நேரத்தைப் படித்துப் பாருங்கள். தவறாக இருந்தால் உங்கள் கையெழுத்துக்குக் கீழே "நேற்று இரவு 7.40-க்கு வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டார்" என்று எழுதுங்கள். எழுத விடவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் வந்து, அதையே மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

கைதுக்கான காரணத்தை எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதை எல்லாக் குற்றங்களுக்கும் விரித்தது: மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது கையில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் கைதும் ரிமாண்டும் செல்லாது. இப்போதைக்கு நம் கையில் உள்ள நல்ல ஆயுதம் இது. காரணம் எழுதிய தாள் வந்ததா, எத்தனை மணிக்கு வந்தது என்று வக்கீலிடம் தவறாமல் சொல்லுங்கள்.

6. டாக்டர் முன்னால்

ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போவார்கள். கூட்டமான நேரத்தில், பக்கத்திலேயே போலீஸ் நிற்க, "ஏதாவது பிரச்சனையா?" என்று டாக்டர் கேட்பார். பயத்தில் "இல்ல சார்" என்றால் சான்றிதழ் தயார்.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் இப்படித்தான் நடந்தது. இரவெல்லாம் அடிபட்ட தந்தைக்கும் மகனுக்கும் அரசு மருத்துவமனையில் சிறைக்கு அனுப்பத் தகுதி என்று சான்றிதழ் கிடைத்தது, மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார், கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். சில நாட்களில் அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய இரண்டு கதவுகள் அன்று திறக்கவில்லை.

அதனால் டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். ஏ.ஆர். என்று மருத்துவமனையில் காயங்களைக் குறிக்கும் விபத்துப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் டாக்டர் எழுதும் ஒரு வரி, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார், எதனால் அடித்தார்கள் என்று நாம் சொல்வதைக் கேட்டு எழுதுவது. "போலீஸ், லத்தி, நேற்று இரவு 11 மணி, ஸ்டேஷன் மாடி" என்று சொன்னால் அது அப்படியே ஏறும். உள்ளங்காலைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே அடித்தால் வெளியில் தெரியாது, ஆனால் நடக்க முடியாது. 53-ஆவது பிரிவின்படி காயமும் அது ஏற்பட்டிருக்கக்கூடிய நேரமும் எழுதப்பட வேண்டும், அந்த அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்பவருக்கோ கிடைக்க வேண்டும்.

பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை உடைந்தது என்று மாவுக்கட்டோடு வரும் படங்களைப் பகிர்ந்து சிரிக்கிறார்களே, அவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. குற்றம் செய்தவனோ செய்யாதவனோ, தண்டனை கொடுக்க வேண்டியது கோர்ட். அந்தச் சிரிப்பு அடிக்கிற கைக்குக் கொடுக்கும் தைரியத்தை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

7. மாஜிஸ்திரேட் முன்னால்

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். எந்த நேரத்திலிருந்து எண்ணுவது? போலீஸ் மெமோவில் எழுதிய நேரத்திலிருந்து என்பார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு வழக்கைப் பாருங்கள். டெல்லி விமான நிலையத்தில் ஒருவர் காலை 11 மணிக்கே அமலாக்கத் துறையின் பிடிக்குள் வந்துவிட்டார். கைது மறுநாள் அதிகாலை 1.15 என்று காட்டி, அன்று மதியம் 3 மணிக்கு ஆஜர்படுத்தினார்கள். மெமோவின்படி 14 மணி நேரம்கூட ஆகவில்லை. நீதிமன்றம் காலை 11 மணியிலிருந்து எண்ணியது, 24 மணி நேரம் தாண்டிவிட்டது, கைது செல்லாது என்றது. காலண்டர் தாளில் எழுதிய 7.40-க்கு இதுதான் மதிப்பு.

ஞாயிற்றுக்கிழமையோ ராத்திரியோ என்றால் மாஜிஸ்திரேட் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே நீங்களும் வக்கீலும் முன்கூட்டியே போய் நில்லுங்கள். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். போகிற வழியில் "ஜட்ஜய்யா கேட்டா ஒண்ணும் சொல்லாத, திரும்ப எங்ககிட்டதான் வரணும்" என்று மிரட்டியிருப்பார்கள். ரிமாண்ட் ஆனதும் அவர் போவது சிறைக்கு. மறுபடி போலீஸ் கஸ்டடி வேண்டுமென்றால் தனியாக மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

சொல்ல வேண்டியவை இவ்வளவுதான்: எப்போது பிடித்தார்கள், அடித்தார்களா, எங்கே, காரணம் எழுதிக் கொடுத்தார்களா, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்களா. சட்டையைக் கழற்றிக் காட்டுங்கள். "இதை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா" என்று வக்கீல் கேட்க வேண்டும். வேறொரு மருத்துவமனையில் பரிசோதிக்கவும் ஸ்டேஷன் சிசிடிவி பதிவைப் பாதுகாக்கவும் அன்றே மனுக் கொடுங்கள். எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு கேமரா, 18 மாதம் பதிவு என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அதற்கு ஆறு மாதம் முன்பு சாத்தான்குளம் ஸ்டேஷனுக்கு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். பதிவு இருக்கும் என்று நம்பி ஒரு வாரம் காத்திருக்காதீர்கள்.

8. 24 மணி நேரம் தாண்டியும் தகவல் இல்லையென்றால்

ஆட்கொணர்வு மனு, அதாவது பிடித்துவைத்திருக்கும் ஆளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு. சென்னையிலோ மதுரைக் கிளையிலோ உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். மனு தாக்கலாகிறது என்று தெரிந்ததும் எங்கேயோ இருந்தவரை ரிமாண்டுக்குக் கொண்டுவருவது பல தடவை நடந்திருக்கிறது. இந்த மனுவுக்கு உயிர் கொடுப்பது நீங்கள் முதல் ராத்திரி அனுப்பிய அந்த நாலு வரி மின்னஞ்சல்தான்.

ஜாமீன் தனிக் கதை. இங்கே ஒன்று மட்டும்: குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும். அந்த நாளை வீட்டில் எண்ணிக்கொண்டே இருங்கள். மனித உரிமை ஆணையத்துக்கு வெள்ளைத்தாளில், கட்டணம் இல்லாமல் புகார் எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுதிவிட வேண்டும்.

இன்றே செய்யக்கூடியது

கூட்டிப்போனதும் முதலில் வாங்கிக்கொள்வது போனைத்தான். அப்புறம் யார் நம்பரும் நினைவில் இருக்காது. வீட்டில் எல்லோரும் இரண்டு நம்பர்களையாவது மனப்பாடம் செய்யுங்கள்: ஒன்று அம்மாவுடையதோ அப்பாவுடையதோ, இன்னொன்று 15100. தெரிந்த வக்கீல் இருந்தால் அவர் நம்பரைச் சமையலறைக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவையும் கட்டித் தொங்கவிடுங்கள்.